பிக்கப் வண்டிக்குச் சிக்கனமான சைலன்சர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த வாகனக் கடிதங்களுள் சைலன்சரைப் பற்றியவையே மிகுதி. மழைக்காலம் முடிந்து, பட்டறையில் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கும்போதுதான் பலருக்கும் ஓட்டை இருப்பது தெரியவருகிறது. ஆகவே டயர், பேட்டரி தொடர்பான கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, தினமும் ஓடும் பிக்கப் வண்டிகளின் சைலன்சர் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்குத் தினமும் காய்கறி ஏற்றிச் செல்லும் 2014ஆம் ஆண்டு பொலிரோ பிக்கப் என்னிடம் உள்ளது. சைலன்சரின் அடிப்பக்கம் உளுத்துவிட்டது. இரண்டு முறை ஒட்டு வைத்து வெல்டிங் செய்தும் நிற்கவில்லை. கம்பெனிச் சைலன்சர், அதே அளவில் பிற நிறுவனங்கள் தயாரிக்கும் சைலன்சர், உள்ளூர்ப் பட்டறையில் எவர்சில்வர் குழாயில் செய்துதரும் சைலன்சர் என மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். விலையும் கட்டுபடியாக வேண்டும். வண்டியை அடிக்கடி நிறுத்தி வைக்கவும் முடியாது. எதை வாங்கலாம்?
— காய்கறி வியாபாரி, ஆலங்குளம்

பதில்: உங்கள் உபயோகத்துக்கு இரண்டாவது வழியே ஏற்றது. ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வராமல், கையில் எடுத்துச் சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது முறையாக ஒட்டு வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். துருவேறி மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால், அந்த ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

உங்கள் சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் உளுத்திருக்காது, உள்ளிருந்தும் அரிக்கப்பட்டிருக்கும். டீசல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத சைலன்சரின் உட்புறத்தில் நீராகப் படிந்து அடித்தகட்டில் தேங்குகிறது. உங்கள் வண்டி வாங்கிய காலத்தில் நம் பகுதியில் விற்பனையான பாரத் ஸ்டேஜ் 3 எனும் மாசு விதிப்படியான டீசலில் 350 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 350 பங்கு) வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. அந்தக் கந்தகம் இந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பைத் தின்றது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு 10 பி.பி.எம். தான் என்பதால், இனி நீங்கள் மாட்டப்போகும் சைலன்சருக்கு அமிலத் தொல்லை முன்னைவிடக் குறைவு. ஈரத் தொல்லை மட்டும் அப்படியே இருக்கும். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குள் இடம் கிடைக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் நிற்கும் பழக்கம் இருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சும்மா ஓடும் எஞ்சின் சைலன்சரின் கடைசிப் பகுதியைச் சூடாக்குவதில்லை, ஈரத்தை மட்டுமே சேர்க்கிறது.

கம்பெனிச் சைலன்சர் குறையற்றதுதான். ஆனால் பத்தாண்டைத் தாண்டிய வண்டிக்கு அந்த விலையைக் கொடுப்பது, வண்டியை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மட்டுமே பொருந்தும். பட்டறையில் செய்யும் எவர்சில்வர் சைலன்சரை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் செய்தவருக்கு மட்டுமே தெரியும். நிறுவனங்கள் செய்யும் சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். புகை திரும்பித் திரும்பிச் செல்லும்போது சத்தம் அடங்கும். பட்டறைகளில் எளிதாகச் செய்வது, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து மூடுவதாகும். டீசல் புகையின் கரி அந்தப் பஞ்சில் ஏறி அடைத்துக்கொள்ளும், அல்லது பஞ்சு சிறிது சிறிதாக வெளியே பறந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும், வாங்கியபோது இருந்த அமைதியான சத்தம் நிலைப்பதில்லை.

கடையில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் பழைய சைலன்சரைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள்; ஆர்.சி. நகலும் கையில் இருக்கட்டும். ஒரே பெயரில் விற்ற பிக்கப்புகளிலேயே வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்), மாசு விதி ஆகியவற்றைப் பொறுத்துக் குழாயின் நீளமும் வளைவும் மாறுகின்றன. பழையதையும் புதியதையும் அருகருகே தரையில் கிடத்தி, கொக்கிகளின் இடம், குழாயின் விட்டம், வாய்ப்பகுதி திரும்பியிருக்கும் கோணம் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சிறிது வேறுபட்டாலும் மெக்கானிக் நெம்பி மாட்டிவிடுவார். அந்த இழுவிசை முழுவதும் ஏதேனும் ஓர் இணைப்பில் போய் நிற்கும், சில மாதங்களில் அந்த இணைப்புதான் முதலில் விரியும்.

அடுத்தது எடை. ஒரே வண்டிக்கான இரண்டு தயாரிப்புகள் கடையில் இருந்தால் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். உங்களிடம் தராசுக்குப் பஞ்சமில்லை. கனமானதில் தகடு தடிமனாகவும் உள்ளே தடுப்புகள் கூடுதலாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு இரு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. கொக்கி பற்றவைக்கப்பட்ட இடத்தில், கம்பியை மெல்லிய தகட்டின் மேல் நேராக வைத்து வெல்டிங் செய்திருந்தால் அந்தப் பொருள் வேண்டாம். அங்கே கூடுதலாக ஒரு பட்டைத் தகடு வைத்து, அதன் மேல்தான் கொக்கி அமைந்திருக்க வேண்டும். பிக்கப்பில் சைலன்சர் அறுந்து விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃபிளாஞ்ச் எனப்படும் இணைப்புத் தகட்டைக் கடையின் கண்ணாடி மேசை மீது கவிழ்த்து வையுங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் அது சமமானது. மெல்லிய ஃபிளாஞ்ச் சூட்டில் வளைந்து, எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் புகை கசியவே செய்யும். பெட்டியின் தாழ்ந்த பகுதியில் நீர் வடியச் சிறு துளை இருப்பது நல்லது. அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடும் மெக்கானிக்குகளும் உண்டு.

பொருத்தும்போது கேஸ்கெட், தொங்கு ரப்பர்கள், கிளாம்ப், போல்ட் ஆகிய அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். சைலன்சரில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே செலவிடுவதில் தயக்கம் வேண்டாம். எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எதிலும் முட்டாமல் தானாக அமர்ந்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். டீசல் குழாயிலிருந்து புகைக்குழாய் குறைந்தது 35 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 113ஆவது விதி. பட்டறையில் வெற்று வண்டியாக நிற்கும்போது எல்லா இடைவெளியும் சரியாகவே தோன்றும். முழு லோடு ஏற்றியதும் ஸ்பிரிங் பட்டை தாழ்ந்து, சேஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள இடம் சுருங்கும். ஆகவே முதல் லோடு ஏற்றியபின் ஒருமுறை குனிந்து பார்த்து, ஆக்சிலுக்கு மேலே செல்லும் குழாய்க்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சூடேறி ஆறிய சில நாள்களுக்குப் பின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் முன்பக்க இணைப்பு திரும்பத் திரும்ப உடைந்தால் சைலன்சரைக் குறை சொல்லாதீர்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருக்கும். கிளட்சை விடும்போதெல்லாம் எஞ்சின் சாய்ந்து குழாயைப் பிடித்து இழுக்கும்.

கேள்வி: என்னிடம் 2022ஆம் ஆண்டு இசுசு வி-கிராஸ் இருக்கிறது. அலுவலகம் செல்வதும், வார இறுதியில் மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் செல்வதும் அதில்தான். குறைந்த செலவில், புகை தடையின்றி வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போட விரும்புகிறேன். டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டியையும் எடுத்துவிட்டு நேர்க்குழாய் மாட்டினால் இழுவையும் மைலேஜும் கூடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: வடிகட்டியை எடுக்கக் கூடாது. மீதியைப் பற்றி விரிவாகப் பேசலாம்.

உங்கள் வண்டி பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி செய்யப்பட்டது. எஞ்சினிலிருந்து வரும் புகை டர்போவைக் கடந்ததும் வினையூக்கி, கரி வடிகட்டி ஆகியவற்றின் வழியாகச் செல்கிறது. அவற்றுக்கு முன்னும் பின்னும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்கள் உள்ளன. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டுதான் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பதை எஞ்சின் கணினி கணிக்கிறது. வடிகட்டியே இல்லாவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சின் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளவும் கூடும். அதைச் சமாளிக்கக் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவதையும் அந்தப் பட்டறையே செய்து தருவதாகச் சொல்லும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். குறைந்த செலவில் தொடங்கிய வேலை அங்கேயே சிக்கனத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

சட்டமும் தெளிவாகவே உள்ளது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு அளவுகளை மீறும் வண்டியைச் சாலையில் ஓட்டினால், முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் விதிக்க வழியுண்டு. ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குத் தடைப்படும். வாரண்டியும் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலுக்கு உள்ளாகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வடிகட்டியைத் தொடாமல், அதற்குப் பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றினால் என்ன கிடைக்கும்? டர்போ டீசல் எஞ்சினில், டர்போவின் சக்கரமே புகையின் வேகத்தையும் சத்தத்தையும் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு டீசல் என்பதைக் கணினி முன்னரே வரையறுத்துவிடுவதால், பின்குழாயை அகலமாக்குவதால் மட்டும் இழுவை உணரத்தக்க அளவில் கூடாது. பெட்ரோல் கார்களில் கிடைக்கும் கணீரென்ற ஒலியும் இதில் வராது. ஒருவித இரைச்சல் மட்டுமே கூடும். மைலேஜ் உயரும் என்பது விற்பவர் சொல். உயர்ந்ததாகத் தோன்றினால், புது எக்ஸாஸ்ட் போட்ட உற்சாகத்தில் மிதமாக ஓட்டியிருப்பீர்கள், அல்லது நேர்மாறாக ஓட்டிவிட்டுக் கணக்குப் பார்க்க மறந்திருப்பீர்கள்.

வடிகட்டி அடைத்துக்கொள்கிறது என்பதற்காக யாரேனும் அதை எடுக்கச் சொன்னால், முதலில் ஓட்டும் முறையைப் பாருங்கள். பாளையங்கோட்டைக்கும் வண்ணார்பேட்டைக்கும் இடையே சிறு தூரம் மட்டுமே ஓடும் வண்டியில், சேர்ந்த கரியை எரிக்கத் தேவையான சூடு ஏறாது. வாரத்தில் ஒரு நாள் நாற்கரச் சாலையில் நாங்குநேரி வரை ஒரே சீராக ஓட்டி வந்தாலே, வண்டி தன் வடிகட்டியைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

கேள்வி: உவரியிலிருந்தும் கூட்டப்புளியிலிருந்தும் மீன் ஏற்றி வருகிறேன். என்ன சைலன்சர் போட்டாலும் விரைவில் துருப்பிடித்து விடுகிறது. எவர்சில்வரில் போட்டால் நிற்குமா? காந்தம் ஒட்டாவிட்டால் அது நல்ல எவர்சில்வர்தானே?
— மீன் வியாபாரி, திசையன்விளை

பதில்: உங்களுக்கு மட்டும் உலோகத்தில் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்வேன். ஆனால் காந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

சைலன்சருக்குப் பயன்படும் உலோகங்களுள் மிக மலிவானது கறுப்பு வண்ணம் பூசிய சாதாரண இரும்புத் தகடு. அதற்கு மேலே அலுமினியம் பூசிய இரும்புத் தகடு. அதற்கும் மேலே 409 எனும் வகை. இதில் சுமார் 11 சதவீதம் குரோமியம் இருக்கும், நிக்கல் அநேகமாக இராது. நிறுவனங்கள் சைலன்சருக்கு விரும்பிப் பயன்படுத்துவது இந்த வகை. இதில் காந்தம் ஒட்டும். மேற்பரப்பில் பழுப்பாகத் துரு தெரியும், ஆனால் எளிதில் உளுக்காது. 304 எனும் வகையில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, காந்தம் ஒட்டாது. இங்கேதான் ஏமாற்றம் நுழைகிறது. வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக்கும் கிரில்லுக்கும் பயன்படுத்தும் 202 எனும் மலிவான வகையிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். உப்புக் காற்றில் அது 304 போலத் தாங்காது. ஆக, காந்தம் ஒட்டும் 409 உங்களுக்கு நல்லதாகவும், காந்தம் ஒட்டாத 202 கெட்டதாகவும் அமையக்கூடும். எவர்சில்வர் மொத்தக் கடைகளில் இருக்கும் சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டுப் பார்த்தால் நிறம் மாறுவதைக் கொண்டு 202 வகையைப் பிரித்துவிடலாம். எந்த வகை என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையில் வேலை கொடுக்க வேண்டாம்.

உங்கள் நிலைக்கு 409 வகையில் வண்டியின் பழைய அமைப்பிலேயே செய்த சைலன்சர் கிடைத்தால் அதுவே போதுமானது. 304 இன்னும் நன்றாக நிற்கும். ஆனால் சூட்டில் அது சாதாரண இரும்பைவிடக் கூடுதலாக நீளும் என்பதால், தொங்கு ரப்பர்கள் தாராளமாக அசைய இடம் கொடுக்க வேண்டும். ஆர்கான் வெல்டிங்கும் தெரிந்த கையில்தான் நடக்க வேண்டும். அலுமினியம் பூசிய தகட்டில், வெல்டிங் செய்த இடத்தில் மட்டும் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே வெப்பம் தாங்கும் வண்ணம் பூசாவிட்டால் துரு அந்தக் கோட்டில்தான் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வேலை ஒன்று இருக்கிறது. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்பு நீர், பின்தளத்தின் இடுக்குகள் வழியாகச் சூடான சைலன்சர் மீதே சொட்டுகிறது. கடற்காற்றைவிட இதுதான் உங்கள் சைலன்சரைத் தின்கிறது. பின்தளத்தின் இடுக்குகளை அடைத்து, ஒரு மூலையில் மட்டும் வடிகுழாய் வைத்து, சைலன்சருக்கு எட்டாத இடத்தில் தண்ணீர் விழும்படி செய்துவிடுங்கள். வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர்ப்பாக இருப்பதால், நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊரில் கழுவுவதுதான் பயன் தரும்.

கேள்வி: காயலான் கடையில் பழைய கம்பெனிச் சைலன்சர் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— மேலப்பாளையம் வாசகர்

பதில்: விபத்தில் சிக்கிய, வயது குறைந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். அடிப்பக்கத்தை ஒரு ஸ்குரூடிரைவரின் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதுக் கறுப்பு வண்ணம் அடித்து வைத்திருந்தால் தொடவே வேண்டாம்.

கேள்வி: எனது டாடா யோதாவில் உள்ளூர்த் தயாரிப்புச் சைலன்சர் மாட்டினேன். நாற்கரச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கேபினுக்குள் தலையை அழுத்துவது போல ஓர் உறுமல் கேட்கிறது. வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ மறைந்துவிடுகிறது. பட்டறைக்காரர் ஒரு சாண் நீளத்தில் முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்தால் சரியாகும் என்கிறார்.
— வள்ளியூர் வாசகர்

பதில்: அந்த வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நிகழ்வதால், நொடிக்கு 60 முறை புகைக்குழாயில் துடிப்பு எழும். கேபினின் தகடுகளும் அதே வேகத்தில் அதிர நேர்ந்தால் நீங்கள் சொல்லும் உறுமல் உண்டாகும். முனை மூடிய கிளைக்குழாயால் ஒலியை அடக்குவது உண்மையான முறைதான். ஆனால் நொடிக்கு 60 துடிப்புள்ள ஒலியைச் சூடான புகையில் அடக்க அந்தக் குழாய் சுமார் 2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஒரு சாண் குழாய்க்கு அந்த வேலை ஆகாது.

அதற்கு முன் வேறொன்றைப் பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியோ சங்கிலியோ போட்டிருக்கிறார்களா? குழாய் எங்கேனும் சேஸில் உரசுகிறதா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அதிர்வு நேராகக் கேபினுக்கு ஏறும். ரப்பரை மாற்றியதும் உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அந்தச் சைலன்சரின் உள்ளறை போதாது என்று பொருள். வண்டியுடன் வந்த அமைப்பிலுள்ள பெரிய பெட்டிக்கே திரும்பிவிடுங்கள். வெல்டிங் எதைச் செய்வதானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டே தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு லோடு ஏற்றிச் செல்கிறேன். மலை ஏறும்போது கரும்புகை வருகிறது. சைலன்சரை மாற்றினால் நிற்குமா?
— தென்காசி ஓட்டுநர்

பதில்: நிற்காது. கரும்புகை என்பது டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காததன் அடையாளம். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுசெல்லும் ரப்பர் குழாயின் வெடிப்பு, இன்ஜெக்டர் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். செலவு குறைவானதிலிருந்து தொடங்குவது நல்லது. சைலன்சர் உள்ளே இடிந்து புகைவழியை அடைத்திருந்தால் மட்டுமே அதற்கும் புகைக்கும் தொடர்பு உண்டு. அப்போது சமவெளியிலும் வண்டி இழுக்காது. எல்லையைத் தாண்டியதும் சத்தமான சைலன்சருக்குக் கேரள மோட்டார் வாகனத் துறையிடம் சலுகை எதிர்பார்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அறுவடைக் காலத்தில் எங்கள் பிக்கப்பில் வைக்கோல் ஏற்றுகிறோம். பின்னால் தொங்கும் வைக்கோல் புகைக்குழாயின் வாயை மூடிவிடுகிறது. குழாயைப் பின்சக்கரத்துக்கு முன்பாக இடப்பக்கம் திருப்பிவிடலாம் என்கிறார் மெக்கானிக். புதுச் சைலன்சர் வாங்கும்போதே அப்படிச் செய்துகொள்ளலாமா? வண்டி பாரத் ஸ்டேஜ் 6.
— சேரன்மகாதேவி விவசாயி

பதில்: இடப்பக்கம் திருப்பக் கூடாது. புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ வெளியேறக் கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் வெளியேற வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 112ஆவது விதி, எஃப்.சி.க்குச் செல்லும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பவற்றுள் இதுவும் ஒன்று. நம் ஊரில் மக்கள் ஏறி இறங்குவதும் நடந்து போவதும் சாலையின் இடப்பக்கம் என்பதால் இந்த விதி நியாயமானதே. வலப்பக்கம் திருப்ப விதி இடம் தந்தாலும், அது தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதாகும். தவிர, பின்தளத்துக்கு அடியில் குழாய் முடிந்தால் பக்கவாட்டில் தொங்கும் வைக்கோல் மீது சூடான புகை படும். குழாயை விட்டுவிட்டுப் பாரத்தைத் திருத்துங்கள். பின்கதவுக்கு வெளியே வைக்கோல் தொங்காதபடி கட்டி, குழாயின் வாயைச் சுற்றி ஒரு முழமாவது வெற்றிடம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் கரி வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்போது, அதன் உள்வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்த நேரத்தில் அதன் மேல் சிக்கியிருக்கும் காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள வேறு நெருப்பு தேவையில்லை. வெப்பத் தடுப்புத் தகடு சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்திருந்தால், புதுச் சைலன்சர் வாங்கும் அன்றே அதையும் வாங்கி மாட்டுங்கள். தளர்ந்த போல்ட்டை முறுக்கினாலே அந்தச் சத்தம் நின்றுவிடும். விளக்கு எரிந்து வடிகட்டி சுத்தமாகும் நேரத்தில் வயலுக்குள் இறக்கி நிறுத்த வேண்டாம்; அது முடியும்வரை சாலையில் ஓட்டுங்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் சைலன்சருக்கும் பின்தளத்துக்கும் இடையே சிக்கியிருக்கும் வைக்கோலைக் குச்சியால் தட்டி எடுத்துவிட்டு, வண்டியைப் படப்பிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள்.